அழாத பிள்ளைகளின் அறை

என் மகள் அழாத பிள்ளை என்று பெயர் எடுத்தபோது அவளுக்கு எட்டு மாதம். அந்தப் பெயரை நான் பெருமையாகச் சுமந்து திரிந்தேன். பக்கத்து மிஷினில் உட்காருகிறவளிடம் சொன்னேன். குழாயடியில் சொன்னேன். அம்மா வீட்டுக்குப் போனபோதும் சொன்னேன். "தூக்கிக்கினு போய் வுட்டா போதும், அப்டியே கம்னு இருப்பா." அதைச் சொன்னபோது என் முகத்தில் இருந்திருக்கக்கூடிய சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஷூவின் மேல்பாகம் தைக்கிற கம்பெனிகள் ஆம்பூரில் பெண்களை வேலைக்கு எடுக்க ஆரம்பித்திருந்தன. அதுவரை தோல் வேலை என்றால் தோல் பதனிடுகிற டேனரிதான். ஆண்கள், சுண்ணாம்புத் தொட்டி, குளித்தாலும் போகாத வாடை. என் கணவர் அந்த வேலையில் இருந்தார். தையல் வேலை வேறு மாதிரி. தலைக்கு மேல் ஃபேன், ட்யூப் லைட், உட்கார ஸ்டூல். பத்தாவது வரை படித்திருந்த எனக்கு அது ஆபீஸ் வேலைக்கு ஒரு படி மட்டும் கீழே என்று தோன்றியது. காலையில் பவுடர் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸும் பிள்ளையுமாகக் கிளம்பும்போது தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று நானும் பார்ப்பேன்.

கம்பெனியின் பின்பக்கம், கேன்டீனை ஒட்டி, பிள்ளைகளை விடுவதற்கு ஒரு நீள அறை இருந்தது. போர்டில் குழந்தைகள் காப்பகம் என்று எழுதியிருப்பார்கள். நாங்கள் அதைப் புள்ள ரூம் என்போம். மேலே இரும்புக் குழாய், அதில் வரிசையாகப் புடவைத் தூளிகள். கீழே பாய். மூலையில் ஒரு ஸ்டவ்வும் தண்ணீர்க் குடமும். இருபதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே பிள்ளைகள் இருக்கும். கைக்குழந்தையிலிருந்து, ஓடி விளையாடுகிற வயது வரைக்கும். அத்தனைக்கும் ஒரே ஆள்.

அவளை ஆயாம்மா என்று கூப்பிடுவோம். வேலைக்கான பெயர்தான் அது. வயதானவள் இல்லை, நாற்பதைத் தொட்டிருப்பாள். சொந்த ஊர் பள்ளிகொண்டா பக்கம். புருஷன் செத்துப்போய் வெகு காலம். சொந்தப் பிள்ளை கிடையாது. எங்கள் சபைக்குத்தான் வருவாள். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகம் இல்லாமலே எல்லாப் பாட்டும் பாடுவாள். பெரிய கை அவளுக்கு. இரண்டு பிள்ளைகளை இரண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்றாவதைக் காலால் தூளியில் ஆட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

என் மகளைக் கொண்டுபோய் விட்ட முதல் வாரங்களில் அவள் அடங்கவே இல்லை. மிஷின்களின் சத்தத்தைத் தாண்டி, நடுவில் இருந்த சுவரைத் தாண்டி, அவள் குரல் எனக்குத் தனியாகக் கேட்கும். வேறு யாருக்கும் கேட்டதா என்று தெரியாது. எனக்குக் கேட்கும். கவனம் சிதறும். தோலில் ஊசி தப்பாக இறங்கினால் துணியைப் போலப் பிரித்துத் தைக்க முடியாது. ஓட்டை நின்றுவிடும், அந்தப் பீஸ் வீண். அப்படி இரண்டு மூன்று பீஸ் வீணான பிறகு சூப்பர்வைசர் என் ஸ்டூலுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இன்னாம்மா, இது கம்பெனியா, பிரசவ வார்டா? புள்ளய அடக்க முடியலன்னா வூட்ல இரு."

எல்லாரும் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் பிள்ளையை வாங்கப் போனபோது ஆயாம்மாவின் முன்னால் அழுதுவிட்டேன். அவள் என் தோளைத் தட்டினாள்.

"ஒரு வாரம் குடு எனக்கு. நான் அடக்கிக் காட்றன். எத்தினி புள்ளைங்களப் பாத்துக்கறன்."

சொன்ன மாதிரியே செய்தாள். அடுத்த வாரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அமைதி. காலையில் ஒருமுறை, மதியத்துக்கு மேல் ஒருமுறை பால் கொடுக்க எங்களை விடுவார்கள். போனால் என் மகள் தூளியில் தூங்கிக்கொண்டிருப்பாள். மற்ற பிள்ளைகளும் பெரும்பாலும் தூக்கம். "இப்பதான் கண்ண மூடுச்சி, எழுப்பாத, பாவம்" என்பாள் ஆயாம்மா. நானும் எழுப்ப மாட்டேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கக்கூஸ் பக்கம் போய்ச் சுவரில் பாலைப் பீய்ச்சி விட்டு வருவேன். சில நாள் அதற்கும் நேரம் இருக்காது. ரவிக்கை நனைந்து, அதன் மேல் தோல் துகள் ஒட்டி, புளித்த வாடையோடு சாயங்காலம் வரை தைப்பேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் சுட்ட அதிரசத்தில் முதல் தட்டை ஆயாம்மாவுக்குத்தான் கொண்டுபோனேன்.

இப்போது சொல்லும்போது எல்லாமே கண்ணுக்கு முன்னால் இருந்ததாகத் தெரிகிறது. பகலெல்லாம் தூங்குகிற பிள்ளை ராத்திரி விழித்துக்கொண்டு சிணுங்கினாள். எங்கள் தெருவில் அதே வயதுப் பிள்ளை ஒன்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்திருந்தது. இவள் உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். கை தட்டிக் காட்டினால் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள், தட்ட மாட்டாள். என் கணவர் ஒருநாள், "இன்னா இவ, பொம்ம மாதிரி கெடக்கறா?" என்றார். சாதுவான பிள்ளை என்று நான் சண்டைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் விட ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு வந்தால் அவள் வேறு பிள்ளை. உடம்பை வில்லாக வளைத்துக் கத்துவாள். பிரசங்கம் நடக்கும்போது கோயிலே திரும்பிப் பார்க்கும். ஒருமுறை ஆயாம்மா கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே போனாள். வாதாம் மரத்தடியில் தன் தோளில் போட்டுத் தட்டினாள், பாடினாள், நடந்தாள். பிள்ளை அடங்கவில்லை. என் பின்னாலேயே வந்திருந்த ஒரு பெண், "ஆயாம்மா கையிலயே அடங்கலியே!" என்று ஆச்சரியப்பட்டாள். ஆயாம்மா எங்கள் இருவரையும் பார்க்காமல், "பல்லு மொளைக்குது" என்றாள்.

பிறகு ஒரு வாரம் பிள்ளைக்குச் சளி, மூச்சு இரைப்பு. ரயில்வே கேட் பக்கம் ஒரு லேடி டாக்டர் இருந்தார். அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். சின்ன அறை, வாசலில் திரைத்துணி, திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் ஜனம். டாக்டர் பிள்ளையின் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். கையைத் தூக்கி விட்டார். அது தொப்பென்று விழுந்தது. மறுபடி தூக்கி விட்டார்.

"குழந்தைக்கு என்ன குடுக்கறீங்க?"

"தாய்ப்பால்தாங்க. கொஞ்சம் கஞ்சி."

"அதக் கேக்கல. தூங்கறதுக்கு என்ன குடுக்கறீங்க?"

எனக்குப் புரியவில்லை. விழித்தேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"வேலைக்குப் போற அம்மாங்க நிறைய பேர் குடுக்கறாங்க. கசகசா அரைச்சுக் குடுக்கறாங்க, கள்ளு குடுக்கறாங்க, இருமல் மருந்து குடுக்கறாங்க. எனக்குத் தெரியும். மறைக்காதீங்க. உண்மையச் சொன்னாத்தான் நான் வைத்தியம் பாக்க முடியும்."

"சத்தியமா நான் ஒண்ணும் குடுக்கலீங்க."

"அப்ப குழந்தை ஏன் இப்படி இருக்கு?"

திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. ஊசி எடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் என்னை மேலிருந்து கீழே வரை பார்த்தாள். நைலெக்ஸ் புடவை, வாட்ச், கம்பெனி அடையாள அட்டை. சம்பாதிக்கப் போகிறவள், அதற்காகப் பெற்ற பிள்ளைக்கு மயக்க மருந்து ஊற்றுகிறவள். அப்படித்தான் பார்த்தாள். என் காதெல்லாம் சுட்டது. எனக்குக் கோபம் வந்தது, அந்த டாக்டரின் மேல்.

"பகல்ல யார் கிட்ட இருக்கு குழந்தை?"

"கம்பெனியில ஆயாம்மா கிட்ட. அவங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்க."

டாக்டர் என் பக்கம் குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாலு நாள் லீவு போடுங்க. குழந்தைய உங்க கூடவே வச்சுக்கோங்க. உங்க கையால மட்டும் எல்லாம் குடுங்க. அப்புறம் நீங்களே பாருங்க."

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது பெஞ்சில் இருந்தவர்கள் கால்களை ஒதுக்கி வழி விட்டார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் பிள்ளையைப் பார்த்தார்கள்.

லீவு போட்டேன். முதல் நாள் பிள்ளை கத்திய கத்தலில் பக்கத்துப் போர்ஷன்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். உடம்பு வியர்த்தது, கையும் காலும் உதறின. டேனரியிலிருந்து வந்த என் கணவர், "அங்க வுட்டா கம்னு கெடக்குது, இங்க இன்னாடி பண்ற நீ?" என்று எரிந்து விழுந்தார். இரண்டாவது நாளும் அதே பேஜார். அதற்கு அடுத்த நாள் மதியம் வரை தூங்கவில்லை, ஆனால் அழுகையும் இல்லை. சுவரோரம் உட்கார்ந்துகொண்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டை உதறினேன். அவள் சிரித்தாள். சத்தமாக, தொண்டையிலிருந்து. மறுபடி உதறினேன். மறுபடி சிரித்தாள். சாயங்காலம் அவள் அப்பா வந்தபோது குப்புற விழுந்து, வயிற்றால் தேய்த்துக்கொண்டே அவர் காலைப் போய்ப் பிடித்தாள்.

"அடடே!" என்றார் அவர். "இன்னா ஆச்சி இவளுக்கு?"

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். இத்தனை மாதம் எதைச் சாதுவான பிள்ளை என்று ஊரெல்லாம் சொன்னேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் விளங்கியது. அந்தச் சிரிப்பை அவள் எப்போதோ சிரித்திருக்க வேண்டும். நான் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை, அது வராததைக் கவனிக்கவும் இல்லை. பீஸ் சரியாக வந்துகொண்டிருந்தது, சூப்பர்வைசர் என் பக்கம் வரவில்லை, எனக்கு அது போதுமாக இருந்தது.

லீவு முடிந்து போன அன்று, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே, வேலை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் புள்ள ரூமுக்குப் போனேன். சீக்கிரம் விட்டுப் போகிற முதல் ஷிப்டுக்காரிகளின் பிள்ளைகள் சில ஏற்கெனவே பாயில் இருந்தன. ஆயாம்மா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிள்ளை. கையில் பால் புகட்டுகிற பாலாடை. அதில் இருந்தது சிவப்பாக இருந்தது. பக்கத்தில் கண்ணாடிப் பாட்டில், மூடி திறந்திருந்தது. டேனரிக்காரர்கள் நெஞ்சு அடைத்தால் வாங்கிக் குடிக்கிற இருமல் மருந்து. என் வீட்டிலும் அலமாரியில் ஒன்று இருந்தது. அதைக் குடித்தால் என் கணவர் மறுநாள் டேனரிச் சங்கு ஊதினாலும் எழுந்திருக்க மாட்டார்.

"ஆயாம்மா."

அவள் திரும்பினாள். பாலாடையை மறைக்கவில்லை. அந்தப் பிள்ளையின் வாயைத் துடைத்து, தூளியில் போட்டு, ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு எழுந்தாள்.

"பாத்துட்டியா?" என்றாள்.

"எம் புள்ளைக்கும் இதத்தான் குடுத்தியா?"

"மருந்துதான், வெஷம் இல்ல. சளியும் புடிக்காது. கம்மியாத்தான் ஊத்தறன், சக்கரத் தண்ணி கலந்து."

"டாக்டரம்மா நான்தான் குடுத்தன்னு நெனச்சிக்கினு ஊருக்கே கேக்கற மாதிரி கேட்டாங்க. புள்ள உக்காரல, நிக்கல, சிரிக்கல…"

ஆயாம்மாவின் முகம் கறுத்தது. கையை விரித்துக் காட்டினாள். "எனக்கு எத்தினி கை இருக்குது, நீயே சொல்லு. ஒண்ணு பேண்டா ஒண்ணு மோத்தரம். ஒண்ணு அழுதா எல்லாம் அழுவுது. சூப்பர்வைசர் வந்து சத்தம் வரக்கூடாது, எப்டியாவது பண்ணுன்றாரு. வெள்ளக்காரங்க ஷூ பாக்க வர்ற அன்னிக்கி கதவச் சாத்தச் சொல்றாரு. எப்டியாவதுன்னா எப்டி? இன்னொரு ஆளு குடுங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சிப்போச்சி." பிறகு என் மகளைப் பார்த்து, குரலைத் தணித்துக்கொண்டாள். "உம் புள்ளைக்கு இனிமே குடுக்கல. எம் மேல ஆண. மத்தவளுங்க கிட்ட சொல்லிடாத. எனக்கு வேற போக்கு இல்ல."

வேலை தொடங்குகிற பெல் அடித்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது இன்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்று நான் அவள் சொன்னதை நம்பினேன். நம்பியது மட்டுமில்லை, என் பிள்ளைக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது என்று நிம்மதியும் பட்டேன். பிள்ளையைப் பாயில் இறக்கிவிட்டு மிஷினுக்குப் போனேன்.

பால் கொடுக்க விடுகிற நேரத்துக்கு ஓடினேன். கதவைத் திறந்தேன். ஆயாம்மா சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தாள். அறையில் மற்ற பிள்ளைகள் எல்லாம் தூக்கம். தூளியில் சில, பாயில் சில. கைகள் விரிந்து, வாய் திறந்து. ஒரு பிள்ளையின் உதட்டில் ஈ நடந்தது, அது முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. நடுவில் என் மகள் மட்டும் விழித்திருந்தாள். வயிற்றால் தேய்த்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாகப் போய் முகத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவாள், பார்ப்பாள், அது எழவில்லை என்றால் அடுத்ததிடம் போவாள். என்னைப் பார்த்ததும் ஒரு பிள்ளையின் முடியைப் பிடித்து இழுத்து, இது ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள்.

அது என் பக்கத்து மிஷின்காரியின் பையன்.

என் மகளைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆயாம்மா குடத்தில் தண்ணீர் மொள்ளுவது போல முதுகைக் காட்டி நின்றாள். என் பிள்ளை ஆசையாகக் குடித்தாள். அவள் குடிக்கிற சத்தம் தவிர அந்த அறையில் வேறு சத்தம் இல்லை. என்னால் தலையை நிமிர்த்திப் பார்க்க முடியவில்லை.

மதியம் கேன்டீனில் சொல்லிவிட்டேன். எங்கள் மேஜையில் பிள்ளை விடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். சோற்றில் கை வைத்தபடி எல்லாரும் கேட்டார்கள். ஒருத்தி எழுந்து புள்ள ரூமுக்கே ஓடினாள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து மிஷின்காரி மட்டும் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றாள்.

"இன்னா தெரியும்?"

"ஊத்தறது தெரியும். ரெண்டு வாட்டி பாட்டிலே நான்தான் வாங்கியாந்து குடுத்தன்." சோற்றை உருட்டிக்கொண்டே சொன்னாள். "புள்ள கத்தினா என்னக் கூப்ட்டு அனுப்பறாங்க. நாலு வாட்டி எழுந்து போனா லைன்லருந்து தூக்கிடுவாங்க. வூட்ல குடிகாரன். நான் இன்னா பண்றது? நீ சொல்லு."

அவளைத் திட்ட எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. அவள் தலையைத் தூக்கி என்னைக் கேட்டாள், ரொம்ப மெல்ல: "சிரிக்கறாளா இப்ப?"

"சிரிக்கறா."

"இவன் சிரிச்சி நான் பாத்ததே இல்லடி."

சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளினாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். எழுந்து கை கழுவிவிட்டு வந்து, "வாங்க, ஆபீசுக்குப் போலாம்" என்றாள்.

பெல் அடித்தும் நாங்கள் மிஷினுக்குப் போகவில்லை. ஆள் எடுப்பதும் நீக்குவதும் பார்க்கிற பெர்சனல் ஆபீசர் அறை வாசலில் போய் நின்றோம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நாங்கள் சொன்னதைக் கேட்டார். கேட்டு முடித்ததும் எங்களைத்தான் கேட்டார்.

"இவ்வளவு நாளா உங்க குழந்தைகளுக்கு என்ன குடுக்கறாங்கன்னு உங்களுக்கே தெரியாதா? நீங்கெல்லாம் தாயா?"

டாக்டர் அறையில் சுட்டதைவிட அதிகமாகச் சுட்டது. அங்கே என் மேல் பொய்யாகச் சொன்னார்கள் என்று கோபப்பட ஒரு வழி இருந்தது. இங்கே அதுவும் இல்லை. எங்களில் பாதிப் பேர் தரையைப் பார்த்தோம். பக்கத்து மிஷின்காரிதான் பேசினாள்.

"நாங்க பண்ணது தப்புதான் சார். ஆனா ஒரே ஒரு ஆள வச்சி அத்தினி புள்ளயப் பாக்கச் சொன்னது யாரு? சத்தம் வரக்கூடாதுன்னு சொன்னது யாரு?"

"சூப்பர்வைசர் சொன்னாருன்னு ஆயாம்மாவே சொன்னாங்க சார்," என்றேன் நான். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டதா என்று தெரியாது. "இன்னும் ரெண்டு பேரு போடுங்க சார். அவங்கள ஒண்ணும் பண்ண வேணாம், கூட ஆளு போட்டா போதும்."

விசாரிக்கிறோம், போய் வேலையைப் பாருங்கள் என்றார்.

அன்று சாயங்காலமே ஆயாம்மாவை அனுப்பிவிட்டார்கள். நாங்கள் பிள்ளைகளை வாங்கப் போனபோது அறையில் கேன்டீன் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள், தூங்கி எழுந்த பிள்ளைகளுக்கு நடுவே என்ன செய்வதென்று தெரியாமல். வாசல் கேட்டில் ஆயாம்மாவின் துணிப்பையைத் திறந்து சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு புடவை, ஒரு வேதப்புத்தகம், ஒரு தட்டு. வெளியே போகிற எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவள் என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். அடுத்த ஞாயிறு கடைசி வரிசை காலியாக இருந்தது.

புள்ள ரூமுக்கு இரண்டு இளம் பெண்களைப் போட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து இன்னொருத்தியும் வந்தாள். ஒரு டாக்டர் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போனார். இனிமேல் பிள்ளைக்கு எது கொடுத்தாலும் தாயைக் கேட்டுத்தான் என்றார்கள். எங்களில் ஒருத்தி எந்த நேரத்திலும் எழுந்து போய்ப் பார்க்கலாம் என்று கேட்டு வாங்கினோம்; முறை வைத்துப் போனோம். நான் என் முறை இல்லாத நாளிலும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய் எட்டிப் பார்ப்பேன். அறையில் ஒரே இரைச்சல். சுவரைத் தாண்டி மிஷின் வரைக்கும் கேட்கும். சூப்பர்வைசரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் பல வருஷம் அவர் கீழேதான் தைத்தேன். பொங்கலுக்கு அவர் கொடுத்த காலண்டரை வீட்டில் மாட்டவும் செய்தேன்.

என் மகள் நடந்தது தாமதம். பேசியது அதைவிடத் தாமதம். அந்த மருந்தாலா, இல்லை அவள் சுபாவமே அப்படியா என்று கேட்டால் எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. பேச ஆரம்பித்த பிறகு நிறுத்தவே இல்லை. பக்கத்து மிஷின்காரியின் பையனும் நன்றாகத்தான் வளர்ந்தான். அவன் முதல் முறை சிரித்த அன்று அவள் வேலையைப் போட்டுவிட்டு வந்து லைன் முழுக்கச் சொன்னாள். கம்பெனியில் சம்பளத்தைப் பிடித்தார்கள், அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, வேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ் பள்ளிகொண்டாவில் நின்றது. பிள்ளை தண்ணீர் கேட்டாள், இறங்கினோம். கடை ஓரம் ஒரு பெண் கூடையில் கொய்யாப்பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. கையைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது.

அவளுக்கு என்னை உடனே தெரிந்துவிட்டது. எழுந்து நின்றாள்.

"நல்லாருக்கியாம்மா?"

"இருக்கன் ஆயாம்மா."

"பாப்பாவா இது? அந்தப் பாப்பாவா?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இன்னா ஒசரம்! ஸ்கூலுக்குப் போறியா கண்ணு?"

இரண்டு கையையும் நீட்டி என் மகளின் கன்னத்தைப் பிடிக்க வந்தாள். நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். என் கை தானாகவே போய்ப் பிள்ளையைப் பின்னால் இழுத்துவிட்டது. ஆயாம்மாவின் கைகள் அப்படியே நின்றன. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன். மெல்லக் கையை இறக்கி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. உன் ஒருத்தியைத்தான் அனுப்பினார்கள், நாங்கள் எல்லாரும் அங்கேயே இருந்தோம் என்று. நான் உனக்காகக் கேட்டேன், என் குரல் எழவில்லை என்று. பிள்ளையை இழுத்த பிறகு அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

"பஸ்ஸு எடுக்கறான் பாரு, ஏறு," என்றாள் அவள். கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதை என் மகளிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

பஸ் பாலாற்றங்கரையோரம் ஓடத் தொடங்கியதும் மகள் கேட்டாள், "யாரும்மா அவங்க?"

"சின்னதுல உன்னப் பாத்துக்கினவங்க."

"நல்லா பாத்துக்கினாங்களா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் விடவில்லை, முழங்கையைப் பிடித்து ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். "நீ பெருசா வளந்ததும் சொல்றன்," என்றேன். பழத்தை நகத்தால் கீறி, பாதி அவளுக்குக் கொடுத்தேன்.